எண்பத்திரண்டு

பலகையில் எண்பத்திரண்டு என்றுதான் எரிகிறது.
வெளியே ஜூலை, புல்லெல்லாம் உறைபனி.
சாந்தா கத்தரினாவின் மேற்குக் கோடியில்
இரவு மூன்றுக்கு விழித்திருப்பவை
எங்கள் தீவன ஆலையும்
உருகுவாய் ஆற்றின் மூடுபனியும்.

திர்சேவு ஷிமரோன் குடுவையை நீட்டுகிறான்.
கசப்பு. நாக்கு தாங்கும் சூடு.
என் கையில் ஆய்வகத் தாள்:
நூறு போட்டோம்,
முப்பத்தொன்று மிஞ்சியிருக்கிறது.

எது நூறு, என்றான்.
பன்னிரண்டு வருடமாய்
இந்த நீராவியைத் திறந்து மூடுகிறவன்
இன்றுதான் கேட்கிறான்.

சோளத்தில் பாஸ்பரஸ் உண்டு, திர்சேவு,
ஆனால் பூட்டிக் கிடக்கிறது.
கோழிக்குடலுக்கு அதைத் திறக்கத் தெரியாது.
திறக்கிற நொதியை மூட்டையில் வாங்கி
டன்னுக்கு ஒரு கைப்பிடி கலக்கிறோம்.

சாவியா?

சாவி என்றால் இரும்பு. இது இரும்பில்லை.
நீளச் சரடு ஒன்று
தன்மேல் தானே மடிந்து மடிந்து
நடுவே ஒரு குழிவு வைத்திருக்கிறது,
வேலை செய்வது அந்தக் குழிவு.
மடிந்திருக்கும்வரை அது மடியாது.
சூட்டில் மடிப்பு அவிழ்ந்தால்
மடிந்தது.

முட்டை மாதிரி, என்றான்.
முட்டை மாதிரிதான்.
வெந்ததை யாரும் பச்சையாக்கியதில்லை.

அப்போ சூட்டைக் குறைப்போமே.

குறைக்கலாம். சால்மொனெல்லா பிழைத்துக்கொள்ளும்.
குச்சிகள் உதிர்ந்து லாரியடியில் மாவாகும்,
வாங்குகிறவர்கள் திட்டுவார்கள்.
ஒன்று சாகவேண்டும், ஒன்று தப்பவேண்டும்,
இரண்டுக்கும் ஒரே நீராவி, அதே முப்பது நொடி.

போன மாதம் விற்பனைக்காரன் வந்து
பூச்சிட்ட மணிகளை உள்ளங்கையில் உருட்டினான்.
மழைக்கோட்டு, என்றான். தொண்ணூறுவரை நனையாதாம்.
அதைத்தான் போட்டோம்.
அதைப் போட்டுத்தான் முப்பத்தொன்று.
அவனைப் பொய்யன் என்று எழுதி
ஒரு கடிதம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

கடைசியாய், வேறு வழி தோன்றாமல்,
மாதிரி எடுக்கும் துளை வழியே
என் சொந்த வெப்பமானியை மாவுக்குள் செருகினேன்.

தொண்ணூற்று நான்கு.

பலகையைப் பார்த்தோம். எண்பத்திரண்டு.
மறுபடி செருகினேன்.
திர்சேவு குடுவையைக் கீழே வைத்தான்.

எந்திரத்தை நிறுத்தி, மூடி கழற்றி,
உணர்முனையைத் தேடினால்
அங்கே முனையே இல்லை,
பலாக்கொட்டை அளவில் ஒரு கட்டி.
வாரக்கணக்கில் மாவு அப்பி, வெந்து, காய்ந்து, இறுகி
உணர்முனையும் ஒரு மழைக்கோட்டு போட்டிருந்தது.
குளிர்கிறது குளிர்கிறது என்று
அது உள்ளிருந்து முனக,
வால்வு பாவம் நம்பி
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
திறந்துகொண்டே போயிருக்கிறது.

யாரும் பொய் சொல்லவில்லை.
எனக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது.

அவன் கத்தியால் சுரண்டினான்.
கட்டி இரண்டாய்ப் பிளந்து
கருகிய சோயா வாசனை வந்தது.
எப்போதிலிருந்து, என்றேன்.
விரல்விட்டு எண்ணினான்,
இன்னொரு கைக்கும் போய், நிறுத்தினான்.
பதினோரு லோடு.

அதில் நான்கு நெவுசா தீஷரின் கொட்டகைக்கு.
இருபத்தோரு நாள் கோழிகள் அங்கே
தண்ணீர்க் குழாய் எட்டடியில் இருந்தும்
எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கின்றன.
தரை ஈரம் என்றார் மருத்துவர்.
தூங்குமூஞ்சி வளர்ப்பு என்றார் கூட்டுறவுக்காரர்.
அவள் மரத்தூளை மாற்றினாள், ஒருமுறை, பிறகு இன்னொருமுறை,
கடன் வாங்கி.

மேலாளருக்கு முதலில் சொல்லவேண்டும் என்பது விதி.
மேலாளர் ஏழு மணிக்கு வருவார்.
ஏழு மணிக்குள் அவை
இன்னொரு தடவை தின்றுவிடும்.

எந்திரம் திரும்ப ஓடத் தொடங்கியதும்
பலகையில் எண் குதித்தது: தொண்ணூற்று நான்கு.
வால்வு வெட்கப்பட்டதுபோல்
மெல்ல மூடிக்கொண்டது.
திர்சேவு கட்டியின் ஒரு பாதியைக்
காகிதத்தில் சுற்றி என் மேசையில் வைத்தான்.
மறு பாதியைத் தன் சட்டைப்பையில்.
ஏன் என்று கேட்கவில்லை.

தொலைபேசியை எடுத்தேன்.
ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.
அவளும் தூங்கவில்லை,
பின்னால் கொட்டகை விசிறி சுற்றுகிறது.

நெவுசா, நான் இவனெத்தி, ஆலையிலிருந்து.
உன் தரையில் ஒன்றும் இல்லை.

அவள் பேசவில்லை.
விசிறி மட்டும்.
அதற்கடியில், மெலிதாக,
ஆயிரக்கணக்கில்,
உட்கார்ந்தபடியே அவை.